பதில்: கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ (பத்தாம் வகுப்பு அளவிலான பன்னாட்டுத் தேர்வு) ஆங்கிலத்தில் மகனின் கதைக் கட்டுரை 700 சொல்லைத் தாண்டுகிறது, ஆனாலும் மதிப்பெண் வரவில்லை

வணக்கங்க. நீங்க போட்டிருந்த கட்டுரையைப் படிச்சேன். பையனுக்குக் கற்பனைக்குக் குறைவே இல்லை. அலாரம் அடிக்குது, பல் தேய்க்கிறான், பஸ் ஏறுறான், அருவிக்குப் போறான், நண்பன் வழுக்கி விழுறான், ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, கடைசியில் எல்லாம் கனவு! ஒரு நாள் முழுக்க 700 சொல்லில் ஓடுது.

முதல் மொழி ஆங்கிலத் தேர்வின் இரண்டாம் தாளில் கதைக்குக் கேட்கிறது 350 முதல் 450 சொல்தான். 40 மதிப்பெண்ணில் உள்ளடக்கத்துக்கும் அமைப்புக்கும் 16, நடைக்கும் பிழையின்மைக்கும் 24. அதனால சம்பவங்களைக் கூட்டிப் பயனில்லை. அந்த அருவிப் பாறையில் நடந்த பத்து நிமிஷத்தை மட்டும் எழுதச் சொல்லுங்க. நண்பன் வழுக்குறதுக்குச் சற்று முன்னாடி தொடங்கட்டும். பாசி, ஈரச் செருப்பு, நீர் இரைச்சலில் கேட்காமப் போன கத்தல், இதெல்லாம் அவனுக்குத் தெரிஞ்சதுதானே? "ஐ வாஸ் வெரி ஸ்கேர்ட்" தேவையே படாது. கனவு முடிவை வெட்டிடுங்க, தேர்வாளர்களுக்கு அது அலுத்துப்போன சரக்கு.

காலக் குழப்பம்தான் எனக்குப் பெரிசாப் படுது. "ஹீ ஸ்லிப்ட்"னு ஆரம்பிச்சு அடுத்த வரியே "ஐ ரன்"னு நிகழ்காலத்துக்குத் தாவுறான். நாம வாயால கதை சொல்றப்ப "விழுந்தான், நான் ஓடுறேன்"னு கலக்கிறது சகஜம், அந்தப் பழக்கம். எழுதி முடிச்சதும் வினைச்சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போட்டு ஒரு தடவை படிக்கட்டும். உரையாடல் நாலஞ்சு வரி போதும், ஆள் மாறினா புதுப் பத்தி. திருத்தி எழுதினதை இங்கேயே போடுங்க, பார்க்கிறேன்.