நகத்தின் ஓரத்தைத் தோண்டுவதை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: கால் பெருவிரல் நகம் ஓரத்தில் சதைக்குள் இறங்கி வலிக்கிறது. மூலையை வெட்டி எடுத்தால் வலி போகிறது, மூன்று வாரத்தில் திரும்ப வருகிறது. நிரந்தரத் தீர்வு உண்டா?

வெட்டி எடுப்பதால்தான் திரும்ப வருகிறது. "வெட்டினால்தானே வலி போகிறது" என்று சண்டைக்கு வருவார்கள். போகும், மறுக்கவில்லை. ஆனால் மூலையை உள்ளே விட்டு வெட்டும்போது நகவெட்டியின் வாய் எட்டாத இடத்தில் மீன்முள் மாதிரி ஒரு சிலும்பு நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாது. பெருவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 1.5 மில்லிமீட்டர் வளரும். அதோடு சேர்ந்து அந்த முள்ளும் முன்னால் நகர்ந்து சதையில் ஏறும். இதற்குள் நகம் இல்லாமல் காலியாகக் கிடந்த இடத்துக்குச் சதையும் மேலெழும்பியிருக்கும். மூன்று வாரக் கணக்கு இப்படித்தான் வருகிறது.

உங்களுக்கு இருப்பது இதுதானா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் நகச்சுத்தி என்று பேர் வைத்துவிடுகிறோம். நகச்சுத்தியில் பெரும்பாலும் நகத்தின் அடிப்பக்கத் தோல் வீங்கிச் சீழ் வைக்கும். நகம் இறங்கியிருந்தால் வலி பக்கவாட்டில், முன்மூலைக்கு அருகே இருக்கும். அந்த ஓரச்சதையை விரலால் அழுத்தினால் சுருக்கென்று குத்தும். முதலில் சிவந்து வீங்கும். அடுத்து நீரும் சீழும் கசியும். அதையும் விட்டால் தொட்டாலே ரத்தம் வரும் செந்நிறப் புதுச்சதை நகத்தின் மேல் படரும். நகத்துக்கு அடியில் கெட்டியாக மேடு தெரிந்தாலோ, கறுப்பு நிறம் பரவினாலோ, ஆறாத கட்டி வாரக்கணக்கில் இருந்தாலோ அது வேறு கதை, மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிவப்பும் வீக்கமும் மட்டும் என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், 15 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. ஈரம் போகத் துடைத்துவிட்டு, ஓரச்சதையை நகத்திலிருந்து விலக்கி மெதுவாகக் கீழ்நோக்கி நீவுங்கள். பிறகு பஞ்சைப் பிரித்து, தீக்குச்சியில் பாதிப் பருமனுக்கும் குறைவாகத் திரித்து, முன்மூலை வழியாக நகத்தின் விளிம்புக்கு அடியில் செருக வேண்டும். பக்கவாட்டில் குடையக் கூடாது. தடிமனாக வைத்தால் அதுவே அழுத்தும். தினமும் மாற்ற வேண்டும். ஊறிய பஞ்சு இரண்டு நாள் இருந்தால் நாறும். மூலை சதையைத் தாண்டி வெளியே வரும்வரை இதைச் செய்ய வேண்டும், அதற்குப் பல வாரம் ஆகும். பலர் வலி நின்ற நான்காம் நாளே விட்டுவிடுகிறார்கள்.

பஞ்சு வைக்க முடியாத அளவுக்கு வலித்தால் டேப். ஒரு விரற்கடை அகலத்தில் ஒட்டுத்துணியை எடுத்து, ஒரு முனையை நகத்தை ஒட்டிய சதையில் ஒட்டுங்கள், நகத்தின் மேல் படக் கூடாது. சதையை நகத்திலிருந்து விலகும்படி இழுத்து, விரலின் அடிப்பக்கமாகச் சாய்வாகச் சுற்றி மேலே கொண்டுவந்து முடியுங்கள். விரல் முழுவதையும் வளையம்போல் இறுக்கிவிடாதீர்கள். நுனி நீலம் பூத்தாலோ மரத்தாலோ உடனே கழற்றிவிடுங்கள்.

நகத்தின் நடுவில் 'வி' போல வெட்டினால் ஓரங்கள் சதையை விட்டு நடுவை நோக்கி இழுபடும் என்பது சுத்தக் கதை. நகம் வளர்வது வேரிலிருந்து. நுனியில் என்ன கோலம் வெட்டினாலும் வேருக்குத் தெரியாது.

சீழ் வந்தால் ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. முள் உள்ளேயே இருக்கும்போது மாத்திரை என்ன செய்யும்? விரலை மரக்கவைத்து, குத்தும் பக்கத்து நகத்தை மட்டும் நீளவாக்கில் சில மில்லிமீட்டர் எடுத்து, அந்தப் பக்க வேரை ஃபீனால் என்ற ரசாயனம் வைத்து எரிப்பார்கள். நகம் கொஞ்சம் குறுகும், ஆனால் அந்த ஓரம் திரும்ப முளைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டு முதல் நான்கு வாரம் நீர் கசிவது இதில் வழக்கம். அதைச் சீழ் என்று பயப்பட வேண்டாம். வேரைத் தொடாமல் முழு நகத்தையும் பிடுங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் "ஏன்?" என்று கேளுங்கள். அது மறுபடி முழுதாக வளர ஓராண்டுக்கு மேல் ஆகும், பழைய இடத்திலேயே இறங்கவும் கூடும்.

சர்க்கரை நோய், காலில் ரத்த ஓட்டக் குறைவு, பாதத்தில் உணர்ச்சிக் குறைவு உள்ளவர்கள் மேலே சொன்ன எதையும் தாங்களாகச் செய்ய வேண்டாம். சிவப்பு பாதத்துக்கு ஏறினாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். பயமுறுத்துகிறேன் என்று யாரும் பின்னூட்டத்தில் எழுத வேண்டாம்; விரல் உங்களுடையது.

இனி வராமலிருக்க: குளித்தபின் நகம் இளகியிருக்கும்போது நேராக வெட்டுங்கள். மூலை சதைக்கு மேலே தெரிய வேண்டும். கூராக இருந்தால் அரத்தால் தேய்த்தால் போதும். பிய்க்காதீர்கள். ஷூவில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

சம்பந்தமில்லாமல் ஒன்று: சாவிக்கொத்தில் தொங்கும் சின்ன நகவெட்டிகளின் வாய் ஏன் பெரும்பாலும் வளைந்திருக்கிறது? அது கைவிரலுக்கான வளைவு. அதைக் காலில் வைத்தால் மூலை தானாகவே உள்ளே வெட்டுப்படும். நேர்வாய் உள்ள பெரிய நகவெட்டி என்று கேட்டு வாங்குங்கள்.