பழைய சைக்கிளை சிங்கிள் ஸ்பீடாக மாற்றலாமா, ஃபிக்ஸட் கியர் ஆக்கலாமா?

கேள்வி: வீட்டில் 21 கியர் எம்டிபி (மவுண்டன் பைக்) ஒன்றும், தாத்தா ஓட்டிய பார் வைத்த பெரிய சைக்கிள் ஒன்றும் சும்மா நிற்கின்றன. ஒன்றை சிங்கிள் ஸ்பீடாகவோ ஃபிக்ஸட் கியராகவோ மாற்றி, சென்னையில் தினமும் வேலைக்கு ஓட்ட ஆசை. எதை, எப்படி மாற்றுவது? ஃபிக்ஸட் ஆபத்தானதா?

இரண்டையுமே மாற்றலாம். ஆனால் எம்டிபியை சிங்கிள் ஸ்பீடாக்குங்கள். தாத்தா சைக்கிளை ஃபிக்ஸட் ஆக்குங்கள். தலைகீழாக முயன்றால் காசும் போகும், கையும் காலும் போகலாம். தினமும் வேலைக்குப் போக முதலில் தயாராக வேண்டியது எம்டிபிதான்.

சிங்கிள் ஸ்பீடு நமக்குப் புதிதில்லை. நம் ஊர்ப் பால்காரர், தபால்காரர் ஓட்டியதும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுப்பதும் அதுதான். ஒரே கியர், பின்னால் ஃப்ரீவீல். மிதிப்பதை நிறுத்தினால் வண்டி தானாக உருளும். ஃபிக்ஸடில் அந்த ஃப்ரீவீல் கிடையாது. பின்பக்கப் பல்சக்கரம், சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்போடு இறுகியிருக்கும். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், உங்கள் காலும் சுற்றியே ஆக வேண்டும். காலை அழுத்திப் பிடித்தால் வேகம் குறையும்.

எந்த வண்டி எதற்கு என்பதை பின்சக்கர ஆக்சில் உட்காரும் பள்ளம் முடிவு செய்கிறது. வண்டியைக் கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள். எம்டிபியில், வண்டி நிமிர்ந்து நிற்கும்போது அந்தப் பள்ளம் தரையைப் பார்த்துத் திறந்திருக்கும். சக்கரத்தை முன்னே பின்னே நகர்த்த இடம் இருக்காது. செயினை இழுத்துப் பிடிக்கும் வேலையை அங்கே கியர் மாற்றும் கருவியான டீரெய்லரின் ஸ்பிரிங் செய்கிறது. தாத்தா சைக்கிளில் பள்ளம் பின்பக்கம் திறந்து நீளமாக இருக்கும், இரு பக்கமும் செயினை டைட் செய்யும் சின்ன போல்ட்டும் இருக்கும். சக்கரத்தைப் பின்னால் இழுத்தால் செயின் இறுகிவிடும். ஃபிக்ஸடுக்கு இது கட்டாயம். ஏனென்றால் காலால் தடுக்கும்போது செயினின் கீழ்ப்பகுதி விறைக்கிறது. அங்கே ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் (செயினை இழுத்துப் பிடிக்கும் கருவி) இருந்தால் வளைந்து, உடைந்து, சக்கரத்துக்குள் சிக்கும்.

முதலில் எம்டிபி. விலை குறைந்த 21 கியர் வண்டிகள் பலவற்றில் பின்னால் இருக்கும் ஏழு பல்சக்கரமும் ஒரே கொத்தாக, மரை போட்டு ஹப்பில் திருகிய ஃப்ரீவீல். உங்களுடையது அந்த வகைதானா என்று கடைக்காரர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். அப்படியானால் வேலை எளிது. பெரிய சைக்கிளுக்குப் போடும் 18 பல் ஃப்ரீவீலின் மரையும் அதே அளவுதான். பழைய கொத்தைக் கழற்றிவிட்டு இதைத் திருகினால் உட்கார்ந்துவிடும். கழற்றுவதற்கு மட்டும் அந்தக் கொத்துக்கே உரிய கருவி வேண்டும். வீட்டில் சுத்தியலும் உளியும் வைத்து அடிக்காதீர்கள், கடையில் கொடுங்கள். மரை வகை இல்லாமல், பல்சக்கரங்களை ஹப்பில் செருகி அடுக்கிய கேசட் வகையாக இருந்தால் ஒரு பல்சக்கரத்தை வைத்து, இரு பக்கமும் வளையங்களை அடுக்கி இடத்தை நிரப்ப வேண்டும்.

கியர் லீவர், கேபிள், இரண்டு டீரெய்லர் எல்லாம் இனி தேவையில்லை. முன்பக்கம் ஒரு பல்சக்கரம் போதும். செயினை அளவாக வெட்டி ஒரு டென்ஷனர் போட்டால் முடிந்தது. பழைய செயினை மட்டும் திரும்பப் போடாதீர்கள். கியர் செயினின் உள் அகலம் 3/32 அங்குலம். பெரிய சைக்கிளின் ஃப்ரீவீல் பல்லுக்கு 1/8 அங்குலச் செயின்தான் சேரும்.

இனி, நான் மணிக்கணக்கில் பேசக்கூடிய விஷயம்: செயின் கோடு. முன்பல்லும் பின்பல்லும், அதாவது முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும், ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கியர் வண்டியில் செயின் கொஞ்சம் சாய்ந்து ஓடினாலும் டீரெய்லர் பார்த்துக்கொள்ளும். ஒற்றைச் செயினில் அந்தச் சாய்வு இரைச்சலாகவும் தேய்மானமாகவும் வெளிவரும். ஃபிக்ஸடில் செயினே கழன்றுவிடலாம். அளப்பதற்கு ஸ்கேல் போதும். சீட்டிலிருந்து கீழே இறங்கும் குழாயின் நடுவிலிருந்து முன்பல்லின் நடுவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னால், ஆக்சிலின் இரு லாக்நட்டுகளுக்கு (சட்டத்தின் உள்பக்கத்தை ஒட்டி நிற்கும் நட்டுகள்) இடையிலான மொத்த அகலத்தில் பாதியை எடுத்து, வலது லாக்நட்டிலிருந்து பல்லின் நடுவரை உள்ள தூரத்தைக் கழியுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக வர வேண்டும். ஃபிக்ஸடுக்கென்றே செய்த டிராக் ஹப்பில் அகலம் 120 மி.மீ., பாதி 60. பல் 18 மி.மீ. உள்ளே இருந்தால் 42. டிராக் சைக்கிள்கள் பெரும்பாலும் இந்த 42இல்தான் கட்டப்படுகின்றன. உங்கள் எம்டிபியில் ஆக்சிலில் இருக்கும் வளையங்களை வலமிருந்து இடமாக மாற்றி பல்லைத் தேவையான இடத்துக்குக் கொண்டுவரலாம். அப்படி மாற்றினால் ரிம் நடுவை விட்டு விலகும். கம்பிகளை இழுத்து மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து, கோட்டமும் எடுக்கச் சொல்லுங்கள்.

எத்தனை பல் வைப்பது? முன்பக்கப் பற்களின் எண்ணிக்கையைப் பின்பக்கப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்து, அங்குலத்தில் அளந்த சக்கர விட்டத்தால் பெருக்கினால் வருவது கியர் அங்குலம். முன்சக்கரத்திலேயே பெடல் வைத்த உயரமான சைக்கிள்கள் ஓடிய 19ஆம் நூற்றாண்டின் கணக்கு இது. அன்று சக்கரம் எவ்வளவு பெரியதோ அதுதான் கியர். செயின் வந்த பிறகும் அந்த அளவை யாரும் விடவில்லை. இப்போது தாத்தா சைக்கிளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முன்னே 44, பின்னே 18, சக்கரம் 28 அங்குலம் என்றால் 68 சொச்சம் வரும். உலகம் முழுக்க நகரத்தில் ஃபிக்ஸட் ஓட்டுபவர்கள் ஆரம்பிக்க நல்ல கியர் என்று சொல்வது 65 முதல் 70 வரை. பால் கேனையும் அரிசி மூட்டையையும் ஏற்றி சமவெளியில் ஓட்டிய நம் ஆட்களின் கியர் அதற்குள்தான் இருக்கிறது. எனக்கு இதில் உண்மையான பெருமை உண்டு. எம்டிபியின் 26 அங்குலச் சக்கரத்துக்கு 42க்கு 16 போட்டாலும் அதே 68தான். 18 போட்டால் சுமார் 61, போக்குவரத்தில் நின்று நின்று கிளம்ப அதுவும் வசதி.

68 அங்குலத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 20 கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. 80 சுற்றுக்கு 26. வேலைக்குப் போக அது தாராளம். இணையத்தில் பெரிய கியரைப் பார்த்து மயங்க வேண்டாம். பெல்ஜிய சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் 1972இல் மெக்சிகோ சிட்டியில் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டியபோது 52க்கு 14 வைத்திருந்தார், சுமார் 100 அங்குலம். அது வளைந்த மரத்தளத்தில், குறுக்கே ஆட்டோ வராத இடத்தில். சென்னை தட்டையான ஊர். மேம்பாலங்களை விட்டால் ஏற்றம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அவற்றை எழுந்து நின்று மிதித்து ஏறிவிடலாம். கடற்காற்று எதிரே வரும் மதிய நேரம்தான் நம்முடைய மலை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு இந்த வண்டியை எடுத்துப் போகாதீர்கள்.

இனி ஃபிக்ஸட். இங்கே ஹப்பில் கஞ்சத்தனம் கூடாது. பெரிய சைக்கிளின் பின் ஹப்பில் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு, அதே மரையில் ஃபிக்ஸட் பல்சக்கரத்தைத் திருகலாம், பொருந்தும். பொருந்துவதுதான் ஆபத்து. முன்னோக்கி மிதிக்கும்போது அது இறுகும். பின்னோக்கித் தடுக்கும்போது அது அவிழும், அதுவும் நீங்கள் நிற்க வேண்டிய நேரம் பார்த்து. டிராக் ஹப்பில் பல்சக்கரத்துக்கு ஒரு மரை, அதன் வெளியே இன்னும் சிறிய விட்டத்தில் இடதுபக்கமாகச் சுற்றும் எதிர்மரை. அந்த எதிர்மரையில் லாக்ரிங் (பல்சக்கரத்தைப் பூட்டும் வளையம்) இறுகுவதால் பல் அவிழ முயன்றால் லாக்ரிங் இன்னும் அழுத்திப் பிடிக்கும். இதற்கு மாற்றாக பசை, வெல்டிங் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வாங்கும்போது ஒரு பக்கம் ஃபிக்ஸட், மறுபக்கம் ஃப்ரீவீல் என்று இருபுறமும் மரை உள்ள ஹப்பாக வாங்குங்கள். கால் வலித்தால் சக்கரத்தைத் திருப்பிப் போட்டு சிங்கிள் ஸ்பீடாக வீட்டுக்கு வரலாம். டூர் டி பிரான்ஸில் இது ஒரு காலத்தில் பந்தய முறையாகவே இருந்தது. 1903இல் அந்தப் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி டெக்ராஞ்சுக்கு கியர் மாற்றும் கருவிகளே பிடிக்காது. 1937வரை அங்கே டீரெய்லருக்கு இடமில்லை. மலை வந்தால் வீரர்கள் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, வேறு பல்லில் ஏறினார்கள்.

டிராக் ஹப் பெரும்பாலும் 32 அல்லது 36 துளையில் வரும். பெரிய சைக்கிளின் பின் ரிம்மில் 40 துளை, முன் ரிம்மில் 32. ஆகவே 32 துளை ஹப் வாங்கி, பின்சக்கரத்துக்கும் முன் ரிம்மையே போட்டுக் கம்பி கோர்க்கச் சொல்லலாம். தினசரி சுமை ஏற்றுவதாக இருந்தால் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். பின்பக்கச் சட்டம் 120 மி.மீ.க்குக் கொஞ்சம் குறுகலாக இருக்கும். எஃகு என்பதால் சில மில்லிமீட்டர் விரியும். அலுமினியச் சட்டத்தை இப்படி விரிக்கவே கூடாது. ஆக்சில் பள்ளத்தில் இறுக்கமாக இருந்தால் அரத்தால் லேசாக இழைக்க வேண்டிவரும். கிராங்கை (பெடல் தண்டை) அச்சோடு பிடித்துவைக்கும் காட்டர் பின் என்ற ஆணிகள் இரண்டையும் புதிதாகப் போடுங்கள். ஃபிக்ஸடில் விசை முன்னும் பின்னும் மாறி மாறி விழுவதால், தேய்ந்த ஆணி சீக்கிரம் ஆட்டம் கண்டுவிடும்.

செயின் இறுக்கத்துக்கு, நான் பார்த்து வளர்ந்த ஒரு மெக்கானிக் அண்ணன் சொன்னது இன்றும் போதுமாக இருக்கிறது: "ஒரு இடத்துல பாத்து இறுக்காத, முழுசா ஒரு சுத்து சுத்திப் பாரு." பல்சக்கரங்கள் அச்சு மாறாத வட்டமாக இருப்பதில்லை. கிராங்கைச் சுற்றினால் ஓரிடத்தில் செயின் விறைக்கும், இன்னோரிடத்தில் தொங்கும். விறைக்கும் இடத்தில் வைத்து இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள். செயினின் நடுவில் விரலால் தூக்கினால் அரை அங்குலம் அசைய வேண்டும்.

ஆபத்தா என்று கேட்டீர்கள். முன் பிரேக் இல்லாமல் ஓட்டினால், ஆம். சாலையில் அப்படி ஓட்டுவதை நான் எந்த நாளும் ஆதரிக்க மாட்டேன். நாம் வேகத்தைக் குறைக்கும்போது எடை முன்சக்கரத்துக்குப் போகிறது, பின்சக்கரம் லேசாகி வழுக்குகிறது. காலால் எவ்வளவு பலமாகத் தடுத்தாலும் அது பின் பிரேக் செய்யும் வேலையைத் தாண்டாது. ஜப்பானில் 1948இல் தொடங்கிய கெய்ரின் பந்தயங்களில் பிரேக்கே இல்லை. நெருக்கமாக ஓடும் கூட்டத்தில் ஒருவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர்கள் அனைவரும் விழுவார்கள் என்பதால் அங்கே அது சரி. சாலைக்கு வந்தால் கணக்கு வேறு. பிரிட்டனின் சட்டம் ஃபிக்ஸட் சக்கரத்தை ஒரு பிரேக்காக ஏற்றுக்கொண்டாலும் முன் பிரேக் வேண்டும் என்கிறது. தாத்தா சைக்கிளின் முன் கம்பி பிரேக்கையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிடிப்பு வெகுவாகக் குறையும். ஐப்பசி, கார்த்திகையிலும் ஓட்டுவீர்கள் என்றால் முன்னால் அலுமினிய ரிம்மும் கேலிப்பர் பிரேக்கும் போட்டுவிடுங்கள்.

ஓட்டப் பழக ஞாயிறு அதிகாலையில் காலியான தெரு ஒன்று போதும். முதலில் தடுமாற வைப்பது வேகத்தடை. நம் உடம்புக்கு அங்கே மிதிப்பதை நிறுத்தித்தான் பழக்கம். ஃபிக்ஸடில் நிறுத்தினால் பெடல் உங்களைத் தூக்கும். சீட்டிலிருந்து லேசாக எழுந்து, கால் சுற்றிக்கொண்டே இருக்கத் தடையைத் தாண்டப் பழகுங்கள். வளைவில் வண்டியை அதிகம் சாய்க்காதீர்கள், உள்பக்கப் பெடல் தரையைத் தட்டும். மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது வேகம் பிடிக்கும் முன்பே முன் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இறங்குங்கள். மணிக்கு 40 கி.மீ.யைத் தொட்டால் கால் நிமிடத்துக்கு 120 சுற்றுக்கு மேல் பறக்கும். பெடலில் காலைப் பிடித்துவைக்கும் பட்டை இருந்தால் அந்த வேகத்தில் கால் நழுவாது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், போக்குவரத்தில் மெதுவாக ஊர்ந்து போகும்போது வண்டி உங்கள் கால் சொல்வதை அப்படியே கேட்கும். அரை அடி முன்னே, கொஞ்சம் தயக்கம், மறுபடி நகர்வு, எல்லாம் காலிலேயே. முன்னால் போகும் பேருந்து எப்போது நிற்கும் என்று பத்து நொடிக்கு முன்பே கவனிக்கத் தொடங்கிவிடுவீர்கள். அந்தக் கவனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

வேட்டி, துப்பட்டா, தொங்கும் ஷூ கயிறு, அகலமான பேன்ட் எதுவும் ஃபிக்ஸடில் வேண்டாம். ஃப்ரீவீல் வண்டியில் துணி சிக்கினால் மிதிப்பதை நிறுத்தலாம், இங்கே சக்கரம் நிற்கும்வரை துணி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். செயின் கார்டைக் கழற்றாமல் வைத்திருங்கள். செயினைத் துடைக்கும்போது, சக்கரத்தைச் சுழலவிட்டுத் துணியால் செயினைப் பிடிக்கவே கூடாது. விரல் பல்லுக்குள் போனால் சக்கரத்தின் சுழற்சி விரலோடு சேர்த்துத்தான் நிற்கும். உலகெங்கும் இப்படி விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள். சக்கரத்தை நிறுத்தி, ஒரு சாண் துடைத்து, கையை எடுத்துவிட்டு நகர்த்தி, அடுத்த சாண். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த வண்டியைக் கவிழ்த்துப் போட்ட நிலையில் விட்டுவிட்டு நகராதீர்கள்.