மஞ்சளிலிருந்து குர்குமினை வீட்டிலேயே பிரித்தெடுத்துச் சாப்பிடலாமா?

மஞ்சளுக்கு நிறம் தரும் சேர்மமான குர்குமினைப் பிரித்தெடுப்பது இயலாத காரியம் அன்று. ஆனால் அதை வீட்டில் செய்யவும் வேண்டாம், செய்ததைச் சாப்பிடவும் வேண்டாம் என்பதே என் பதில். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மஞ்சள் பயிரிடும் குடும்பத்தில் பிறந்து வேதியியல் படித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

காய்ந்த விரலி மஞ்சளில் குர்குமினும் அதைச் சார்ந்த சேர்மங்களும் ரகத்தைப் பொறுத்து ஏறத்தாழ 2 முதல் 5 விழுக்காடு வரை இருக்கும். இவை நீரில் கரைவது மிக அரிது. அறுவடைக்குப் பின் எங்கள் ஊரில் கிழங்கைக் கொப்பரையில் வேகவைக்கும்போதும் நிறம் போகாமல் இருப்பதற்கு அதுவே காரணம். மஞ்சளைக் கஷாயமாக வைத்து வடிகட்டினால் குர்குமினில் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுவதற்கும் அதுவே காரணம்.

ஆலைகளில் மஞ்சள்தூளை அசிட்டோன், எத்தனால் போன்ற கரைப்பான்களில் ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கி மீட்டெடுத்து, எஞ்சும் பிசின் போன்ற சாற்றிலிருந்து குர்குமினைப் படிகமாக்குகிறார்கள். எஞ்சிய கரைப்பான் எவ்வளவு என்று சோதித்த பிறகே அது உணவுக்குப் போகும். அசிட்டோன் 56 டிகிரி செல்சியசிலேயே கொதிப்பது. அதன் ஆவி அடுப்பைத் தொட்டால் தீப்பிடித்துவிடும். கடையில் விற்கும் ஸ்பிரிட்டில் நஞ்சான மெத்தனால் கலந்திருக்கக்கூடும்.

இத்தனை பாடுபட்டுத் தூய குர்குமினை எடுத்தாலும் குடல் அதைச் சரிவர உறிஞ்சுவதில்லை. 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் சேரும் அளவு ஏறத்தாழ 20 மடங்கு கூடியதாக, பெங்களூருவில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. எண்ணெயில் மஞ்சள்தூளை வதக்கி மிளகும் சேர்க்கும் நம் சமையலில் இந்த இரண்டும் அளவோடு அமைந்துவிடுகின்றன. (மிளகு ரசத்துக்கு வேறு பரிந்துரை தேவையில்லை.) கண்ணைப் பறிக்கும் நிறமுள்ள தூளை மட்டும் வாங்காதீர்கள், நிறத்துக்காக ஈய குரோமேட் என்ற நச்சு நிறமியைக் கலக்கும் வழக்கம் உண்டு. விரலியாக வாங்கி அரைத்து, ஒளி படாத டப்பாவில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் ஒளியில் குர்குமின் சிதைந்துவிடும்.

செறிவூட்டிய மாத்திரைகளின் கணக்கு வேறு. உறிஞ்சும் அளவைக் கூட்டிய அத்தகைய மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்களும் பித்தப்பைக் கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடவே கூடாது.