ஓகஸ்ட் விடுமுறையில் சிறு பிள்ளைகளுடன் கடலுக்கு: எந்தக் கரை, எந்த நேரம்?

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் வசிக்கிறோம். ஆறு வயதில் ஒரு மகனும் மூன்று வயதில் ஒரு மகளும் இருக்கிறார்கள். இருவருக்கும் நீச்சல் தெரியாது. ஓகஸ்ட் விடுமுறையில் நான்கு நாட்கள் கடற்கரையில் தங்க எண்ணியிருக்கிறோம். மாமியாரும் வருகிறார். கிட்டத்தில் இருப்பதால் பெந்தோட்டையே போதும் என்கிறார் கணவர். தங்கையோ பாசிக்குடாவுக்குப் போகச் சொல்கிறாள். எது நல்லது? பிள்ளைகளுக்கு எந்த வகை டியூப் வாங்க வேண்டும்?

பதில்: ஓகஸ்டில் உங்கள் தங்கை சொல்வதுதான் சரி. இதே கேள்வியை டிசெம்பர் விடுமுறைக்காகக் கேட்டிருந்தீர்களானால் உங்கள் கணவரின் பக்கம் நின்றிருப்பேன். நம்முடைய தீவில் எந்தக் கடற்கரை நல்லது என்ற கேள்விக்கு மாதத்தைச் சொல்லாமல் விடை சொல்ல முடியாது.

மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. அந்தக் காற்று நேராக வந்து மோதுவது நீர்கொழும்பிலிருந்து மாத்தறை வரையுள்ள கரையில்தான். உங்கள் வீட்டிலிருந்து மரின் டிரைவ் வரை நடந்து போய்ப் பார்த்தால், புகையிரதப் பாதைக்கு அப்பால் அலைகள் கற்களில் மோதி எழும்புவதைப் பார்க்கலாம். பெந்தோட்டையில் உள்ளதும் அதே கடல்தான். பலரை ஏமாற்றுவது வெயில். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் மேற்குக் கரையில் மழை ஓரளவு குறைந்து வானம் தெளிந்திருக்கும் நாட்கள் உண்டு என்பதால், கடலும் தெளிந்துவிட்டது என்று நினைத்துப் பிள்ளைகளை இறக்கிவிடுகிறார்கள். ஆனால் கரைக்கு வரும் பேரலை எங்கோ தொலைவில் காற்று எழுப்பியது. நம் தலைக்கு மேல் மழை பெய்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. அலைகள் கொண்டுவந்து கொட்டும் நீர் எங்கேயாவது ஓரிடத்தில் ஒன்றுகூடிக் கடலுக்குள் திரும்பிப் போக வேண்டும். அப்படிப் போகும் ஒடுங்கிய நீரோட்டம் வளர்ந்த ஆணையே இழுத்துச் செல்லும். அலை உடையாமல் சற்றுக் கருமையாக, அமைதியாகத் தெரியும் இடம்தான் பெரும்பாலும் அந்த ஓட்டம் போகும் வழி. விபரம் தெரியாதவர்கள் அமைதியாக இருக்கிறதே என்று அங்கேதான் இறங்குகிறார்கள்.

கணவருக்கு விடுப்புக் கிடைக்காமல் இரண்டு நாட்களில் திரும்ப வேண்டி வந்தால் பெந்தோட்டைக்குப் போகலாம். ஆனால் அதை நீச்சல் தடாகம் உள்ள ஹோட்டலில் தங்கும் பயணமாக நினைத்துப் போங்கள். கடலைப் பார்க்கலாம், மணலில் வீடு கட்டலாம். கணுக்கால் நனைப்பதற்குக்கூடப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

இனிக் கிழக்குக்கு வருவோம். அதே தென்மேற்குக் காற்று மலைநாட்டைத் தாண்டி, ஈரத்தை எல்லாம் அங்கேயே இறக்கிவிட்டு, வறண்ட வெப்பக் காற்றாக மட்டக்களப்புப் பக்கம் இறங்குகிறது. அங்குள்ளவர்கள் அதைக் கச்சான் என்பார்கள். கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் அலை எழும்புவதில்லை. பாசிக்குடாவில் இதற்கு மேல் இன்னொரு வசதியும் உண்டு. பிறை போல வளைந்த குடாவும் அதன் வாயிலுள்ள முருகைக்கற் பாரும் வெளிக்கடலின் அலையைத் தடுத்துவிடுகின்றன. தரை மிக மெல்லச் சரிவதால், வெகுதூரம் உள்ளே போன பிறகும் பெரியவர்களுக்கு இடுப்பளவு நீர்தான் இருக்கும். மூன்று வயதுப் பிள்ளையை முதன்முதலாகக் கடலில் இறக்குவதற்கு இலங்கையில் இதைவிடத் தோதான இடத்தை நான் சொல்லமாட்டேன். பக்கத்திலேயே இருக்கும் கல்குடாக் கரையையும் இதையும் ஒன்றாக எண்ண வேண்டாம். அது திறந்த கடலைப் பார்த்தது, ஆழமும் விரைவில் கூடும்.

மாமியார் வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கோணேசர் கோயிலுக்குப் போக விரும்பினால் திருகோணமலைப் பக்கத்து உப்புவெளியும் நிலாவெளியும் அடுத்த தெரிவாகும். ஓகஸ்டில் அந்தக் கடலும் அமைதியானதுதான். ஆனால் பாசிக்குடாவைப் போல அங்கே நெடுந்தூரத்துக்கு ஆழமில்லாமல் இருக்காது என்பதால், மகளை நீர் விளிம்பிலேயே வைத்திருக்க வேண்டும். புறாத்தீவுக்குப் படகில் போவது இந்த வயதுக்கு உரியதல்ல. அறுகம்குடா அலைச்சறுக்குக்குப் போகும் இளைஞர்களின் இடம், உங்களுக்கு வேண்டாம்.

டியூப் பற்றிய உங்கள் கேள்விக்கு என் விடை: எந்த வகையும் வாங்காதீர்கள். காரணம் அதே கச்சான்தான். கடலை அமைதியாக வைத்திருக்கும் காற்று கரையில் மிதக்கும் எதையும் உள்ளே தள்ளிக்கொண்டு போகும். சில ஆண்டுகளுக்கு முன்னர், நீச்சல் பழக்குவதையே தொழிலாகக் கொண்ட நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் அக்காவின் எட்டு வயது மகன் காற்றடைத்த மெத்தை ஒன்றின் மேல் ஏறிப் படுத்தான். அவன் ஏறிய இடத்தில் தண்ணீர் அவனுக்கு இடுப்பளவுகூட இல்லை. பிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றி நிமிர்ந்தபோது அவன் எட்டாத தூரத்தில் இருந்தான். நீந்திப் பின்தொடர்ந்தேன், மெத்தை என்னைவிட வேகமாகப் போனது. வலை வீசிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த தோணிக்காரர் ஒருவர்தான் அவனைப் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தார். “கச்சான் காத்து கரையில தெரியா தம்பி, உள்ளுக்குப் போனாத்தான் தெரியும்” என்றார். மரங்களும் கட்டடங்களும் மறைப்பதால் மணலில் நிற்பவருக்குக் காற்று உறைப்பதில்லை. ஐம்பது மீற்றர் உள்ளே போனால் அதன் வேகம் வேறு. இத்தனை ஆண்டுகள் கடலோடு பழகியும் அதை நான் அன்றுதான் சரியாக விளங்கிக்கொண்டேன்.

இடுப்பில் மாட்டும் வளையத்தில் வேறொரு குறையும் உண்டு: பிள்ளை முன்னால் சாய்ந்தால் வளையம் இடுப்பிலேயே நின்று, தலை கீழாகவும் கால் மேலாகவும் ஆகிவிடலாம். கையில் மாட்டும் காற்றுப் பட்டைகள் வழுகிக் கழன்றுவிடும். செலவு செய்வதென்றால், பிள்ளையின் நிறைக்கு ஏற்ற அளவில், கால்களுக்கு இடையே பட்டி உள்ள உயிர்காப்பு அங்கி ஒன்று வாங்குங்கள். வாங்கும்போது பிள்ளைக்கு அணிவித்துத் தோள்ப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது பெரிது. குளிக்கும் உடை செம்மஞ்சள் அல்லது கடும் இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கட்டும். நீலமும் வெள்ளையும் நீருக்கடியில் கண்ணுக்குப் படாது. அங்கி அணிந்திருந்தாலும் உங்கள் கை எட்டும் தூரத்துக்குள்தான் மகள் இருக்க வேண்டும்.

நம்மவர்கள் கடலுக்குப் போவது பெரும்பாலும் கூட்டமாகத்தான். சித்தப்பா, மாமி, ஒன்றுவிட்ட சகோதரர்கள் எனப் பத்துப் பேர் கரையில் இருக்கும்போது, பத்துப் பேரும் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் ஒருவரும் பார்க்காமல் போவதைப் பல தடவை கண்டிருக்கிறேன். ஆகவே ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள். அவர் கையில் தொலைபேசி இருக்கக் கூடாது. மது அருந்தியவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளலாம், ஆனால் “இனி நீங்கள் பாருங்கள்” என்று வாயால் சொல்லி, அவர் “சரி” என்ற பிறகே எழுந்து போக வேண்டும். நீரில் மூழ்கும் பிள்ளை கூப்பிடும் என்று காத்திருக்காதீர்கள். மூச்சு விடவே முடியாதபோது கத்துவது எப்படி? தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்க, விளையாடுவது போலவே தோன்றும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

யாராவது இழுபட்டால் வெறுங்கையோடு பின்னால் பாயாதீர்கள். இறுக மூடிய வெற்றுத் தண்ணீர்க் கலனோ பந்தோ எதையாவது எறியுங்கள்; ஐந்து லீற்றர் கலன் ஒன்று ஆளை நன்றாகத் தாங்கும். நீரோட்டத்தில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். மீட்ட பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் இன்றும் நம் கரைகளில் நடக்கின்றன, இரண்டும் கெடுதலே. மூச்சு இல்லையென்றால் முதலில் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். அதன் பின்னர் நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்துவது, 2 முறை ஊதுவது என்று உதவி வரும்வரை தொடர வேண்டும். இதை எழுத்தில் படித்துப் பழக முடியாது. நீங்களும் கணவரும் பயணத்துக்கு முன் ஒரு முதலுதவி வகுப்புக்குப் போய்வாருங்கள். அவசர அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990, கட்டணம் இல்லை. பாசிக்குடாவுக்குக் கிட்டியது வாழைச்சேனை ஆதார வைத்தியசாலை. பெரிய சிகிச்சைக்கு மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. தண்ணீர் குடித்து இருமிய பிள்ளை தேறிவிட்டது போலத் தெரிந்தாலும், சில மணி நேரத்தில் இருமல் கூடினாலோ மூச்சு வாங்கினாலோ வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து தூங்கினாலோ உடனே காட்டுங்கள்.

அடுத்தது வெயில். ஓகஸ்ட் இறுதியில் நண்பகலில் சூரியன் பாசிக்குடாவின் உச்சிக்கு ஏறக்குறைய நேர் மேலே வந்துவிடும். கச்சான் வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால் பிள்ளை காய்வது வெளியே தெரியாது. எனவே காலை ஆறரை முதல் ஒன்பது வரையும், மாலை நான்கரைக்குப் பிறகும் மட்டும் கடலுக்குப் போங்கள். காலையில் காற்றும் குறைவு என்பதால் இரண்டில் காலையே மேல். மகனுக்கு ஒரு விதி சொல்லிக்கொடுக்கலாம்: தன் நிழல் தன்னைவிடக் குட்டையாக இருந்தால் மர நிழலுக்குள் போக வேண்டும். ஆறு வயதுக்காரர்கள் இந்த விதியைப் பெரியவர்களைவிட ஒழுங்காகக் காப்பாற்றுவார்கள். முழுக்கைச் சட்டையும் கழுத்தை மறைக்கும் தொப்பியும் முதலில். மறையாத இடங்களுக்கு மட்டும் சன்ஸ்கிரீன், அதுவும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் நீரிலிருந்து ஏறிய பின்னரும். கேட்காவிட்டாலும் அடிக்கடி தண்ணீர் அல்லது இளநீர் கொடுங்கள். வயிற்றுப்போக்குக்கென்று சில ஜீவனிப் பொதிகள் பையில் இருக்கட்டும்.

முருகைக்கல் துண்டுகள் காலைக் கிழிக்கும் என்பதால் றப்பர் காலணி அவசியம். சொறிமுட்டை பட்டால் மணல் போட்டுத் தேய்க்காமல் கடல் நீராலேயே கழுவுங்கள். நல்ல தண்ணீர் எரிவைக் கூட்டும். மூச்சுத் திணறினாலோ உடம்பெல்லாம் தடித்தாலோ வைத்தியசாலைக்குப் போக வேண்டும். குடாவில் இயந்திரப் படகுகள் ஓடும் பக்கத்தை விட்டுத் தள்ளி இடம் பிடியுங்கள்.

ஹோட்டலில் அறை பதிவு செய்யும்போது காலை உணவு உண்டா என்று கேட்பதற்கு முன், நீச்சல் தடாகத்தைச் சுற்றி வேலி இருக்கிறதா, சிறுவர் தடாகம் தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். கடலில் கண் கொத்திப் பாம்பாக இருந்த பெற்றோர்கள் அறைக்குத் திரும்பியதும் அசந்துவிடுகிறார்கள். பயணப் பைகளைப் பிரிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் சிறு பிள்ளை தானாகத் தடாகத்தைத் தேடிப் போகும். போய் இறங்கியதும் ஒருவர் பிள்ளைகளுடன் இருக்க மற்றவர் பைகளைப் பார்க்கட்டும்.

வழியைப் பொறுத்தவரை, குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை வழியாக வானில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது; பிள்ளைகளுடன் எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் புகையிரதம் வாழைச்சேனையில் நிற்கும். வாந்தி எடுக்கும் பிள்ளைக்கும் கால் நீட்டி உட்கார வேண்டிய மாமியாருக்கும் புகையிரதமே இதம், ஆனால் விடுமுறைக் காலத்தில் ஆசனங்கள் விரைவில் நிரம்பிவிடும். வானில் போவதென்றால் போகும் வழியில் ஹபரணையில் ஓரிரவு தங்கலாம். ஓகஸ்ட் மாதத்தில் மின்னேரியாக் குளத்தின் நீர் வற்றி, கரையில் முளைக்கும் புல்லுக்காக யானைகள் மந்தையாக வரும். மகனுக்குக் கடலைவிட அதுவே பிடித்துப் போனாலும் வியப்பில்லை. அதே யானைகள் இருட்டிய பின் வீதியையும் கடக்கும் என்பதால், திரும்பும் நாளில் கடைசியாக ஒரு முறை கடலில் நனையலாம் என்று மாலை வரை தாமதிக்காமல், காலைக் குளிப்போடு புறப்பட்டு, ஹபரணையைப் பகல் வெளிச்சத்தில் தாண்டிவிடுங்கள்.