பசோலினி திரைப்பட இயக்குநர்தானே, ஏன் அவரைக் கவிஞர் என்கிறார்கள்?

சரியான கேள்வி. பியர் பாவ்லோ பசோலினி படம் எடுக்க வருவதற்கு ஏறக்குறைய 20 ஆண்டுகள் முன்பே கவிஞர். 1922இல் பொலோனியாவில் பிறந்தார். 1942இல் வந்த முதல் தொகுப்பை எழுதியது பள்ளிக்கூட இத்தாலியனில் அல்ல; அம்மாவின் ஊரான கசார்சாவில் உழவர்கள் பேசிய ஃப்ரியூலியன் என்ற வட்டார மொழியில். முசோலினி ஆட்சி வட்டார மொழிகளை ஓரங்கட்டிய காலம் அது. அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

1950இல் அம்மாவோடு ரோமுக்கு வந்தார். புறநகர்ச் சேரிகளில் காதில் விழுந்த பேச்சு நாவல்களானது. அப்புறம் 1961இல் ‘அக்கத்தோனே’ என்ற முதல் படமானது.

1964இல் வந்த மத்தேயு நற்செய்திப் படத்தை அவசியம் பாருங்கள். இயேசுவாக வருபவர் நடிப்புப் பழக்கமே இல்லாத ஸ்பானிய மாணவர். சிலுவையடியில் துவண்டு விழும் முதிய மரியாள், பசோலினியின் சொந்தத் தாய் சூசன்னா. இளைய மகன் கீதோவை 1945இல், நாஜி, பாசிசப் படைகளை எதிர்த்து நடந்த போரின்போது, இன்னொரு பிரிவுப் போராளிகளிடம் பறிகொடுத்தவர். அந்த முகத்தை நடிப்பு என்று என்னால் பார்க்க முடிவதில்லை.

1975 நவம்பர் 2 அன்று ரோமுக்கு அருகே கடலோர ஒஸ்தியாவில் பசோலினி கொலையுண்டு கிடந்தார். கசார்சாவில்தான் அடக்கம் செய்தார்கள்.