“ஸ்டாக் இல்லை” என்றால் உரிமை என்ன ஆகும்?

கேள்வி: எங்கள் ரேஷன் கடையில் 20-ஆம் தேதிக்கு மேல் போனால், “அரிசி தீர்ந்துபோச்சு, அடுத்த மாசம் வாங்க” என்கிறார்கள். உணவு சட்டப்படி உரிமை என்கிறார்களே, கேட்டு வாங்க முடியுமா? இல்லை, நம்மைப் போன்ற ஏழை நாட்டில் இதெல்லாம் வெறும் பேச்சுதானா?

பதில்: முதலில் உங்கள் ஸ்மார்ட் கார்டைப் பாருங்கள். பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். (மிக ஏழைகளுக்கான அந்தியோதயா) என்று இருந்தால் 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். ஆளுக்கு மாதம் 5 கிலோ, அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோ. என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத குடும்பம்) என்றால் உங்களுக்கு வருவது மாநில அரசு தன் திட்டத்தில் தரும் அரிசி. வாங்கும்போது வித்தியாசம் தெரியாது, கிடைக்காதபோதுதான் தெரியும்.

ஏனென்றால் அந்தச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு, தானியம் தராவிட்டால் மாநில அரசு அதற்கு ஈடாகப் பணம் தர வேண்டும் என்கிறது. இதைக் கேட்பவர்கள் குறைவு. நீங்கள் கேளுங்கள். 1967 என்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். பிறகு மாவட்டக் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். அதிலும் நடக்காவிட்டால் மாநில உணவு ஆணையம் இருக்கிறது. கூடவே, போனில் வரும் எஸ்எம்எஸ்களைப் பாருங்கள். அரிசி வாங்காத மாதத்தில் வாங்கியதாக பில் போட்டிருந்தால், அந்த ஒரு எஸ்எம்எஸ் போதும், புகார் தானே பேசும்.

ஏழை நாடு என்பதற்கு வருவோம். 2001-இல் ராஜஸ்தானில் வறட்சி, பட்டினி. அப்போது அரசுக் கிடங்குகளில் 5 கோடி டன்னுக்கு மேல் தானியம். இதைச் சொல்லித்தான் பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. அந்த வழக்கில்தான் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தரச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு வந்தது. ஆக, அன்று குறைவாக இருந்தது நெல்லும் கோதுமையும் அல்ல. இன்று மத்திய அரசின் உணவு மானியம் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் கோடி ரூபாய். பெரிய தொகைதான், ஆனாலும் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

தானியத்தை இறக்குமதி செய்து சாப்பிடும் நாட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. டாலர் தீர்ந்தால் அங்கே சட்டம் இருந்தும் பயனில்லை. 2022-இல் இலங்கை பட்டது நமக்குத் தெரியும்.

நம் சட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு. போர், வெள்ளம், வறட்சி, புயலால் விநியோகம் தடைபட்டால் அரசு பொறுப்பாகாது என்கிறது 44-ஆவது பிரிவு. ஊரே பசியில் இருக்கும் நாளில்தான் சட்டம் கையை விரிக்கிறது! உங்கள் கடையில் 20-ஆம் தேதி அரிசி தீர்ந்ததற்கு அந்தச் சாக்கு செல்லாது.