டெஸ்க்டாப்ல ஹார்ட் டிஸ்க் காட்ட மாட்டேங்குது, பயோஸ்லயும் (விண்டோஸ் ஏறறதுக்கு முன்னாடி வர்ற செட்டிங் திரை) இல்ல. சர்வீஸ் கடைக்காரர் "டிஸ்க் போச்சு"ங்கிறார். உண்மையிலேயே போயிருக்குமா?

போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். ஆனா "போச்சு"ன்னு சொன்னவர் எதை வச்சு அப்படிச் சொன்னாருன்னு கேட்டீங்களா தம்பி? நான் அன்னிக்குக் கேக்கல, அந்த எரிச்சல்லதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

முதல்லயே சொல்லிடறேன், நான் கம்ப்யூட்டர் படிச்சவன் கிடையாது. விருதுநகர் மாவட்டத்துல ஒரு சின்ன ஊர்ல போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கேன், கல்யாணம், காதுகுத்து, சடங்கு, இதான் பொழப்பு. இன்ஜினியருங்க யாராவது வந்து தப்புன்னா தாராளமா திருத்துங்க, ஆனா இருபது வருசமா என் சிபியுவை நானே கழட்டி மாட்டிட்டு இருக்கேன், அந்த அளவுக்குப் பேசலாம்னு நெனைக்கிறேன்.

2012 ஐப்பசி. அந்த வருசம் கரண்ட் எப்படி இருந்துச்சுன்னு சென்னைக்காரங்களுக்குச் சொன்னாப் புரியாது. எங்க பக்கம் நாளைக்கு 12 மணி நேரம், சில நாள் 14 மணி நேரம் கட், வர்ற நேரமும் ஒரு மணி நேரம் வரும் ஒரு மணி நேரம் போகும், ராத்திரி கரண்ட் வந்தா எந்திரிச்சு உக்காந்து ஆல்பம் டிசைன் பண்றது, போனா பாயில சாயறது, இப்படித்தான் வேலை பாத்தோம். ஆவணியில எடுத்த ஒரு கல்யாணம் கையில இருந்துச்சு. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வர்றப்ப ஆல்பம் வீட்டுல இருக்கணும்னு பொண்ணோட அப்பா சொல்லிட்டாரு. அந்த வருசம் தீபாவளி நவம்பர் 13. போட்டோ மட்டும் 22 ஜிபி, ஒரே ஒரு 1 டிபி டிஸ்க்ல கெடந்துச்சு. மெமரி கார்டை அடுத்த முகூர்த்தத்துக்கு அழிச்சாச்சு.

"பேக்கப் எடுத்திருக்க வேண்டியதுதானே"ன்னு கமெண்ட் போட வர்றவங்களுக்கு ஒண்ணு. 2011 கடைசியில தாய்லாந்துல வெள்ளம் வந்து ஹார்ட் டிஸ்க் ஃபேக்டரிங்க தண்ணிக்குள்ள போச்சு, ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம் டிஸ்க் வெல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அந்த ஒரு டிஸ்க்கையே நான் தவணை சொல்லித்தான் வாங்கியிருந்தேன், ரெண்டாவதுக்கு எங்க போறது. டிவிடில எழுதி வச்சிருக்கலாம், அது என் சோம்பேறித்தனம், ஒத்துக்கறேன்.

ஒரு நாள் காலைல ஸ்டுடியோ பையன் சிஸ்டம் போட்டுட்டு "அண்ணே, எஃப் டிரைவக் காணோம்ணே"ன்னான். விண்டோஸ் இருந்தது பழைய 320 ஜிபி டிஸ்க்ல, அதனால சிஸ்டம் ஓடுது, ஆனா 1 டிபி மட்டும் இல்ல. ரீஸ்டார்ட் பண்ணேன், இல்ல. டெலீட் கீயைத் தட்டி பயோஸ் உள்ள போனா அந்த டிஸ்க்கோட சாட்டா போர்ட்டுக்கு (மெயின் போர்டுல டிஸ்க் கேபிள் சொருகற எடம்) நேரா ஒண்ணுமே இல்ல. வயித்தக் கலக்கிடுச்சு.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்கு சிபியுவைத் தூக்கிட்டு ஓடினேன். அவரு சைடு டோரைத் தொறந்தாரு, சிவப்பு டேட்டா கேபிளை மட்டும் மாத்தினாரு, போட்டாரு, பாத்தாரு. "அண்ணாச்சி, டிஸ்க் டெட்டு. ரெக்கவரிக்கு சென்னைக்கு அனுப்பணும், 15,000 ஆகும், வரும்னு கேரண்டி இல்ல." மொத்தமே பத்து நிமிசம். அந்தக் கல்யாணத்துக்கு நான் பேசின காசே எவ்ளோன்னு சொன்னா சிரிப்பீங்க. யோசிச்சு சொல்றேன்னு திரும்பத் தூக்கிட்டு வந்துட்டேன்.

அன்னிக்கு ராத்திரி 11 மணிக்குக் கரண்ட் வந்துச்சு. சிபியுவைத் தரையில படுக்க வச்சு, கதவக் கழட்டி, பையன் செல்போன் டார்ச்ச அடிக்க, நான் டிஸ்க்கோட ஓரத்துல கைய வச்சேன். அடியில பச்சைப் போர்டு இருக்கே அதுல இல்ல, பக்கவாட்டு அலுமினியத்துல. பவர் பட்டன அமுக்கினா பக்கத்துல இருக்கிற 320 ஜிபி ஒரு சின்ன உதறலோட சுத்த ஆரம்பிக்கறது விரல்ல தெரியுது. 1 டிபி செத்த பொணம் மாதிரி சும்மா இருக்கு. சத்தம் இல்ல, அதிர்வு இல்ல, அஞ்சு நிமிசம் கழிச்சுத் தொட்டா சூடும் ஏறல. டக்கு டக்குன்னு அடிச்சிருந்தா ஹெட்டு, அதாவது உள்ள தட்டப் படிக்கிற முனை, போச்சுன்னு நம்பியிருப்பேன். இது சுத்தவே இல்லையே, அப்ப மோட்டாருக்குக் கரண்ட் போகுதான்னு ஒரு சந்தேகம்.

ஒரு விசயம் இங்க சொல்லணும். டெஸ்க்டாப்புல போடற பெரிய 3.5 இன்ச் டிஸ்க்குக்கு ரெண்டு விதமான வோல்டேஜ் வேணும். 5 வோல்ட், செவப்பு வயர், அது போர்டுல இருக்கிற சில்லுங்களுக்கு. 12 வோல்ட், மஞ்ச வயர், அது மோட்டாருக்கு. இதுல ஒண்ணு இல்லன்னாலும் பயோஸ்ல பேர் வராது. என் எஸ்எம்பிஎஸ்ல (சிபியுக்குள்ள எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கிற பெட்டி) சாட்டா பவர் வயர் ரெண்டே ரெண்டுதான், ஒண்ணு பழைய டிஸ்க்குக்கு, ஒண்ணு டிவிடி ரைட்டருக்கு. 1 டிபி போட்டப்ப பழைய நாலு பின் வெள்ளை சாக்கெட்ல இருந்து சாட்டாவுக்கு மாத்தற கன்வெர்ட்டர் ஒண்ணு 40 ரூபாய்க்கு வாங்கி மாட்டியிருந்தேன். கடைக்காரர் டேட்டா கேபிளை மாத்தினாரே தவிர அந்தக் கன்வெர்ட்டரத் தொடவே இல்ல.

சுவிட்ச ஆஃப் பண்ணி, பிளக்கையும் புடுங்கிட்டு, டிவிடி ரைட்டரோட பவர உருவி 1 டிபில மாட்டினேன். மறுபடி கைய வச்சுட்டு பையன ஆன் பண்ணச் சொன்னேன். ஒரு நொடி ஒண்ணுமில்ல, அப்புறம் ஙொய்ய்ங்னு ஏறுச்சு பாருங்க! பையன் "அண்ணே சுத்துதுண்ணே"ன்னு கத்தினதுல பக்கத்து வீட்டு நாய் குலைக்க ஆரம்பிச்சுருச்சு. எஃப் டிரைவ் அப்படியே இருந்துச்சு, ஒரு ஃபைல் போகல.

உடனே வேற எதையும் பாக்கல, 320 ஜிபில இருந்த என் சினிமாப் படத்தையெல்லாம் அழிச்சுட்டு கல்யாண ஃபோல்டர அங்க காப்பி போட்டேன். பாதியில கரண்ட் போச்சு, யூபிஎஸ் பத்து நிமிசத்துல கீக்கீன்னு கத்திட்டு அடங்கிருச்சு, ரெண்டு மணிக்கு மறுபடி வந்து மிச்சத்த எடுத்தேன். காலைல வெளிச்சத்துல அந்தக் கன்வெர்ட்டரப் பாத்தா, வெள்ளை சாக்கெட்டுக்குள்ள மஞ்ச வயரோட பின் மட்டும் பின்னாடி தள்ளி நிக்குது. மாட்டும்போது நேரா உக்காரல, ஃபேன் அதிர்வுல கொஞ்சம் கொஞ்சமா நழுவியிருக்கு. அதாவது செவப்பு போகுது, மஞ்ச போகல. பேனா ரீஃபில் வச்சு அமுக்கினா டிக்குன்னு உள்ள உக்காந்துச்சு. இருந்தாலும் அதத் திரும்பப் போடல, தூக்கிப் போட்டுட்டேன். பிளாஸ்டிக்க உருக்கி ஊத்தின மாதிரி ஒரே கட்டியா இருக்கிற சாட்டா கன்வெர்ட்டருங்க உள்ளயே ஷார்ட் ஆகித் தீப்புடிச்ச கதையும் நெறைய இருக்கு, வாங்கறதா இருந்தா வயர் தனித்தனியா போய்ச் சேர்ற மாதிரி பாத்து வாங்குங்க.

15,000 ரூபாய்க்கும் 40 ரூபாய்க்கும் நடுவுல ஒரு கை வச்சுப் பாக்கறதுதான் வித்தியாசம். அந்தக் கடைக்காரர் ஏமாத்தினாருன்னு நான் சொல்ல வரல, அவருக்கு அன்னிக்கு வாசல்ல எட்டு சிபியு நின்னுச்சு, கரண்டும் கொஞ்ச நேரந்தான். ஆனா பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லணும்ல, "டெட்டு"ங்கிறது எப்படி.

உங்க விசயத்துக்கு வர்றேன். உங்க சிஸ்டம் ஒரு ஏழெட்டு வருசப் பழசு, சமீபத்துல ஸ்பீடுக்காக ஒரு எஸ்எஸ்டி (சுத்தற தட்டு இல்லாத டிஸ்க்) போட்டிருப்பீங்கன்னு ஊகிக்கிறேன், எல்லாரும் அதத்தான் பண்றாங்க. அது சின்னப் பட்டை மாதிரி இருக்கிற எம்.2 எஸ்எஸ்டின்னா மதர்போர்டு புக்கை ஒரு தடவ பாருங்க. நெறைய போர்டுல எம்.2 ஸ்லாட்டுல ஏதாவது சொருகினா ஒண்ணு ரெண்டு சாட்டா போர்ட்டு தானா செத்துடும், ரெண்டும் ஒரே பாதையப் பங்கு போடுது. டிஸ்க்க வேற போர்ட்டுக்கு மாத்தினாலே வந்துடும். எஸ்எஸ்டி ஏதும் போடலன்னா இந்தப் பத்தியை விட்டுருங்க.

பவர் சுவிட்ச் போட்டா தேதி 2010, 2015ன்னு பழசா காட்டுதுன்னா மதர்போர்டுல காசு மாதிரி இருக்கிற சிஆர்2032 பேட்டரி தீந்து போச்சு, பயோஸ் செட்டிங் எல்லாம் ஆதிக்குப் போயிருக்கும், சாட்டா போர்ட்டு டிசேபிள் ஆகியிருக்கான்னு பாருங்க. கடையில 30, 40 ரூபாய் பேட்டரி.

இன்னொரு பொறி. "யுஎஸ்பி கேபிள்ல மாட்டிப் பாத்தேன், அதுலயும் வரல, அப்ப டெட்டுதான்"னு சொல்வாங்க. லேப்டாப் டிஸ்க்குக்குத் தர்ற சாதா யுஎஸ்பி கேபிள்ல 5 வோல்ட் மட்டும்தான் வரும், அதுல பெரிய டிஸ்க் ஜென்மத்துக்கும் சுத்தாது. தனி 12 வோல்ட் அடாப்டர் இருக்கிற டாக்ல (டிஸ்க்க வெளியில வச்சு மாட்டற ஸ்டாண்டு) போட்டாத்தான் அது டெஸ்ட்டு. மல்டிமீட்டர் இருந்தா மஞ்சளுக்கும் கருப்புக்கும் நடுவுல 11.4ல இருந்து 12.6க்குள்ள காட்டணும். அதுக்குக் கீழ போனா எஸ்எம்பிஎஸ்ஸத் தூக்குங்க, 450 வாட்ஸ்னு ஸ்டிக்கர் ஒட்டி 600 ரூபாய்க்கு வர்றதுல எல்லாம் என்ன இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

சுத்துது, ஆனா டக்கு டக்குன்னு அடிக்குதுன்னா உடனே ஆஃப். திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்காதீங்க, ஃப்ரிட்ஜுல வைக்காதீங்க, யூடியூப் பாத்து வேற டிஸ்க்கோட பச்சைப் போர்ட எடுத்து மாட்டாதீங்க, இப்ப வர்ற டிஸ்க்குல ஒவ்வொண்ணுக்கும் தனி அளவு எழுதின குட்டிச் சில்லு அந்தப் போர்டுல இருக்கு, போர்ட மாத்தினா அதையும் பேத்து ஒட்டணும். சுத்தி, பயோஸ்லயும் வந்துடுச்சுன்னா டிஸ்க்கோட நெலமையக் காட்டற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேரப் போட்டு சி7ங்கிற வரியப் பாருங்க, அது ஏறிட்டே போனா பெரும்பாலும் டேட்டா கேபிள் கோளாறு. 05, சி5 ஏறினா டிஸ்க்கே தேயுது, அப்ப காப்பி எடுத்துட்டு அதுக்கு விடை கொடுங்க.

கடைசியா, விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மென்ட் தொறந்ததும் "இனிஷியலைஸ் பண்ணவா"ன்னு ஒரு பெட்டி வரும். கேன்சல் குடுங்க. 2009ல நான் ஓகே குடுத்தேன். அதோட நின்னிருந்தாக்கூட மீட்டிருக்கலாம், வெறும் பார்ட்டிஷன் (டிஸ்க்க எப்படிப் பிரிச்சிருக்குங்கிற) கணக்குதான் மாறியிருக்கும், நான் ஃபார்மேட்டும் பண்ணி மேல பாட்டா அள்ளிக் கொட்டிட்டேன். அதுக்குள்ள ஒரு வீட்டுக் காதுகுத்துப் போட்டோ இருந்துச்சு. அட்வான்ஸ் 3,000 ரூபாயத் திருப்பிக் குடுத்தேன், அந்தம்மா ஒரு வார்த்தை பேசாம வாங்கிக்கிட்டாங்க. அந்தத் தெரு வழியா நான் இன்னைக்கும் போறதில்ல.

சரி, அந்தக் கல்யாண ஆல்பம் என்னாச்சுன்னு கேப்பீங்க. நவம்பர் 12 சாயங்காலம் கொண்டுபோய்க் குடுத்தேன். அதிரசம், முறுக்கு எல்லாம் ஒரு தட்டு நெறைய வச்சாங்க, பாக்கி 8,500 கேட்டப்ப "தீபாவளிச் செலவு, பொங்கலுக்குப் பாத்துக்கலாம்ணே"ன்னாங்க. பொங்கலுக்கு 6,000 வந்துச்சு. பந்திக்கு, பூவுக்கு, மேளத்துக்கு எல்லாம் அன்னிக்கே காசு எண்ணிக் குடுக்கிறவங்களுக்குப் போட்டோகாரன்னா மட்டும் எப்படித்தான் மறந்து போகுதோ, இதக் கேட்டா "என்னண்ணே நம்ம வீட்டுக்காரங்க மாதிரி"ம்பாங்க. எங்க கடை பீரோவுல இன்னைக்கும் வாங்காத ஆல்பம் ஒம்பது இருக்கு, அதுல ரெண்டு ஜோடி பிரிஞ்சே போயிட்டாங்க. போன மாசம் அதே பொண்ணு போன் பண்ணுச்சு, "அண்ணே, எங்க கல்யாணப் போட்டோ ஒரிஜினல் எல்லாம் உங்க கிட்ட இருக்குமா, ஆல்பத்துல தண்ணி ஊத்திருச்சு, வாட்ஸ்அப்ல அனுப்புங்களேன்"னு. இருக்கு, அதே 1 டிபில அப்படியே இருக்கு. பழைய 2,500 பத்தி அது ஒண்ணும் பேசல, நானும் கேக்கல.

நீங்க மொதல்ல டிஸ்க்கோட ஓரத்துல கைய வச்சு ஆன் பண்ணிப் பாத்துட்டு, சுத்துதா இல்லையான்னு கீழ எழுதுங்க. எஸ்எம்பிஎஸ்ஸோட போட்டோவும் ஒண்ணு போடுங்க.